நாயகர் சந்திப்பும் தர்க்கமும்: புதுக்கோட்டை வட்டார ஸ்பெஷல் நாடக மரபின் வழி 'விக்ரம்' (2022) திரைப்படத்தின் நிறைகுறைகள்

ஆய்வுச் சுருக்கம்

வெவ்வேறு படங்களில் அறிமுகமான நாயகர்களை ஒரே கதைக்குள் ஒன்றுகூட்டும் பெரும்பொருட்செலவுத் திரைப்படங்கள் தமிழிலும் வரத் தொடங்கியுள்ளன. இவை பெரும்பாலும் அமெரிக்க மீநாயகப் படங்களின் வழிவந்தவையாகவே கொள்ளப்பட்டு, அவற்றின் அளவுகோலாலேயே மதிப்பிடப்படுகின்றன. ஆனால், பல ஊர்க் கலைஞர்கள் ஓரிரவில் ஒரே மேடையில் சந்தித்துக்கொள்ளும் ஸ்பெஷல் நாடகம் என்னும் இசைநாடக வடிவம் புதுக்கோட்டை வட்டாரத்தில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அவ்வடிவத்தின் உயிர்நிலை பாத்திரங்களுக்கிடையே நிகழும் தர்க்கம். அந்த அளவுகோலைக் கொண்டு லோகேஷ் கனகராஜ் இயக்கிய 'விக்ரம்' திரைப்படத்தின் நிறைகளையும் குறைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: விக்ரம், கைதி, லோகேஷ் சினிமாட்டிக் யுனிவர்ஸ், ஸ்பெஷல் நாடகம், தர்க்கம், பி. யு. சின்னப்பா, புதுக்கோட்டை

முன்னுரை

2019ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த 'கைதி' ஓர் இரவில் நடந்து முடியும் கதை. பாடல் இல்லை, கதாநாயகி இல்லை. பத்தாண்டுச் சிறைவாசம் முடித்து, பிறந்தது முதல் கண்ணால் காணாத மகளைப் பார்க்கப் புறப்பட்ட டில்லி என்பவன், நஞ்சு கலந்த மதுவால் மயங்கிக் கிடக்கும் காவலர்களை லாரியில் ஏற்றிச் செல்ல நேர்வதே அதன் கதைக்கரு. புதுக்கோட்டைக்கு அண்டையிலுள்ள திருச்சிராப்பள்ளியின் காவல் ஆணையர் அலுவலகம் அக்கதையின் மற்றொரு களம். அப்படம் வெளிவந்தபோது அது ஒரு தொடரின் முதற்பகுதி என்ற எண்ணம் பார்வையாளர்களுக்கு இருந்ததில்லை. மூன்றாண்டுகளுக்குள், 2022 ஜூன் 3 அன்று ராஜ்கமல் பிலிம்ஸ் இன்டர்நேஷனல் தயாரிப்பில் வெளிவந்த 'விக்ரம்' அக்கதையின் மாந்தர் சிலரைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. அத்துடன் நில்லாமல், 1986ஆம் ஆண்டு சுஜாதாவின் எழுத்தில், ராஜசேகர் இயக்கத்தில் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' படத்தின் நாயகனையும் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து மீண்டும் அழைத்து வந்தது. தனித்தனியே பிறந்த இரு கதையுலகங்கள் ஒன்றாயின. ரசிகர்கள் அதற்கு 'லோகேஷ் சினிமாட்டிக் யுனிவர்ஸ்' என்று பெயரிட்டனர்.

விக்ரமுக்குப் பறக்கும் ஆற்றல் கிடையாது. டில்லிக்கு வேற்றுக்கோள் ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை. ஆயினும் எத்தனை தோட்டாக்களுக்கு நடுவிலும் வீழாத உடல், முகமூடி, மறைக்கப்பட்ட இறந்தகாலம், தனிமனிதனாகப் பெருங்கூட்டத்தை எதிர்த்தல் ஆகிய மீநாயக இலக்கணங்கள் இருவருக்கும் பொருந்துகின்றன. எனவே, 'விக்ரம்' படத்தைத் தமிழின் மீநாயகர் சந்திப்புப் படமாகக் கொள்வதில் தடையில்லை. அதனை எதனோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது என்பதே வினா.

ஒரே இரவு, பல ஊர் நடிகர்கள்

புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் கோயில் திருவிழாவையொட்டி நடைபெறும் வள்ளி திருமணம், அரிச்சந்திரா, பவளக்கொடி போன்ற இசைநாடகங்களை மக்கள் பொதுவாக 'நாடகம்' என்றே அழைப்பர். கலைஞர்கள் வழங்கும் பெயர் 'ஸ்பெஷல் நாடகம்'. இதனை நிகழ்த்துவது நிலையான ஒரு குழு அன்று. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் எனத் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்ட கலைஞர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து அன்றிரவு மேடையில் ஒன்றுசேர்கின்றனர். சேர்ந்து ஒத்திகை பார்க்கும் வழக்கமில்லை. புதுக்கோட்டை, மதுரை, காரைக்குடி, திண்டுக்கல் முதலிய ஊர்களில் இக்கலைஞர்களுக்கெனச் சங்கங்கள் உள்ளன. நாடக நோட்டீசில் கலைஞரின் படமும் பெயரும் அவருடைய ஊரும் முதன்மை பெறும். கதையின் பெயர் ஒரு வரிதான்.

ஒத்திகையின்றி இவர்கள் எப்படி விடியும்வரை ஆடுகின்றனர்? சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலானோர் ஆக்கித் தந்த பனுவல்கள் எல்லாக் கலைஞர்க்கும் பொதுவாய் மனப்பாடமாக இருப்பதே அதற்குக் காரணம். அவையோர்க்கும் கதை தெரியும். வள்ளியை முருகன் மணப்பான் என்பதை அறியாமல் எவரும் பாய் விரித்து அமர்வதில்லை. அவர்கள் அறிய வருவது வேறொன்று: இன்றைய வள்ளி இன்றைய நாரதருக்கு என்ன விடை சொல்வாள்? நாரதர் ஒரு வினாவைத் தொடுக்க, வள்ளி அதனை மறுத்து மற்றொன்றைத் தொடுக்க, பாட்டும் வசனமுமாக நீளும் பகுதிக்குத் தர்க்கம் என்று பெயர். பின்னர் வேடனாக வரும் முருகனோடும் வள்ளிக்குத் தர்க்கம் உண்டு. முடிவு முன்பே தீர்மானமானது; ஆனால் வழி தீர்மானமாகவில்லை. திறமை குறைந்த நாரதர் வல்ல வள்ளியிடம் அகப்பட்டுக்கொண்டால் அவையே நகைக்கும். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் ஒரே மேடையில் தோன்றிய நாளில் மக்கள் திரண்டதும் கதை கேட்பதற்காக அன்று. ஒருவர் குரலுக்கு மற்றவர் குரல் ஈடுகொடுக்குமா என்று காண்பதற்காகவே.

இங்கு ஆர்மோனியக் கலைஞரின் பணி குறிப்பிடத்தக்கது. மேடையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் அவர் சுருதி கொடுப்பவர் மட்டுமல்லர். பின்பாட்டுப் பாடி, தடுமாறுபவரைத் தாங்கி, புதிதாய் நுழைபவர் யாரென்பதை இசையாலேயே உணர்த்தி, அறிமுகமற்ற நடிகர்களை ஓர் இரவுக்கு ஒரு குழுவாக்குபவர் அவரே.

இதிலிருந்து சந்திப்புக் கலைக்குரிய சில இயல்புகளை வகுத்துக்கொள்ள இயலும். சந்திக்க வருபவர் ஒவ்வொருவருக்கும் தனிப்புகழும் முன்வரலாறும் இருக்க வேண்டும். அவையின் நினைவு அந்தப் புகழைத் தாங்க வேண்டும். சந்திப்பு நேருக்கு நேர் நிகழ வேண்டும். இறுதியாக, அச்சந்திப்பில் எவரேனும் ஒருவர் சிறிதேனும் தோற்க வேண்டும். கடைசி இயல்பே கடினமானது. புகழ்பெற்ற இருவரில் ஒருவர் தலைகுனிய இசைந்தால்தான் அது நிறைவேறும்.

தன்னைத் தானே சந்தித்த நாயகன்

இம்மேடை மரபிலிருந்து திரைக்குச் சென்ற புதுக்கோட்டைக்காரர் பி. யு. சின்னப்பா (1916–1951). சிறுவயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நடித்து, பாட்டோடு சிலம்பம் முதலிய உடற்பயிற்சிகளையும் கற்றவர். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் டி. ஆர். சுந்தரம் இயக்கிய 'உத்தமபுத்திரன்' (1940) படத்தில் அவர் ஏற்ற இரட்டை வேடம் தமிழ்த் திரையின் முன்னோடி இரட்டை வேடமாகப் போற்றப்படுவது. கொடிய அரசனும் நல்லவனான அவனுடைய உடன்பிறப்பும் ஒரே முகத்தோடு எதிரெதிர் நின்றனர். 1944இல் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவின் இயக்கத்தில் வந்த 'ஜகதலப்பிரதாபன்' இதனை மேலும் விரித்தது. அதில் பாடுபவரும் பக்கவாத்தியம் வாசிப்பவர்களுமாக ஐந்து சின்னப்பாக்கள் ஒரே கச்சேரியில் அமர்ந்திருக்கும் காட்சி, நாற்பதுகளின் தொழில்நுட்பத்தைக் கருதினால் இன்றும் வியப்பளிப்பது.

இவ்விரு படங்களும் ஒரு வகையில் நாயகர் சந்திப்புப் படங்களே. தனக்கு நிகரான வேறொரு நாயகன் கிட்டாதபோது நாயகன் தன்னையே பெருக்கிக்கொள்கிறான். ஐந்து சின்னப்பாக்களின் கச்சேரி வெறும் தந்திரக் காட்சியாய் எஞ்சாமைக்குக் காரணம் உண்டு. ஒருவர் பாட, மற்றவர் அதனை வாங்கித் தம் கருவியில் திருப்பித் தருகின்றனர். அதாவது, அங்கே ஓர் உரையாடல் நிகழ்கிறது. ஸ்பெஷல் நாடக மேடையில் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒருவரையொருவர் உசுப்பிவிடும் அதே முறை அது. புதுக்கோட்டைச் சமஸ்தானத்து மக்கள் தம் ஊர்க்காரரை அக்காட்சியில் கண்டபோது, தாம் அறிந்த மேடையையே திரையில் கண்டிருப்பர் என்று கருத இடமுண்டு.

அமெரிக்க முன்மாதிரி

மேலைநாட்டிலும் இவ்வகை புதியதன்று. யுனிவர்சல் நிறுவனம் 1943இலேயே பிராங்கன்ஸ்டைனின் உயிரியையும் ஓநாய் மனிதனையும் ஒரே படத்தில் சந்திக்க வைத்தது. இன்றைய வடிவத்தை நிலைநாட்டியது மார்வெல் நிறுவனத்தின் 'தி அவெஞ்சர்ஸ்' (2012). அதற்கு முன் 2008 தொடங்கி 'அயர்ன் மேன்', 'தி இன்கிரெடிபிள் ஹல்க்', 'அயர்ன் மேன் 2', 'தோர்', 'கேப்டன் அமெரிக்கா' என ஐந்து படங்கள் வெளிவந்து பார்வையாளர் நினைவில் நாயகர்களை நட்டுவைத்தன. அப்படத்தின் நாயகர்கள் பகைவனோடு பொருதுவதற்கு முன் தமக்குள் பொருதுகின்றனர்; கடுஞ்சொற்களால் ஒருவரையொருவர் புண்படுத்துகின்றனர். மாறாக, டி.சி. நிறுவனத்தின் 'ஜஸ்டிஸ் லீக்' (2017) பிளாஷ், அக்வாமேன், சைபோர்க் ஆகிய மூவருக்குத் தனிப்படம் எதுவும் வருமுன்னரே அவர்களைக் கூட்டத்தில் சேர்த்தது. நோட்டீசில் படம் உண்டு. ஆனால் அவையோருக்கு அந்த ஆளைத் தெரியாது என்பது போன்ற நிலை அது. இரு படங்களுக்குமிடையிலான தர வேறுபாட்டுக்கு வேறு காரணங்கள் பல இருப்பினும், முதற்காரணம் இதுவே எனலாம்.

விக்ரம்: நிறைகள்

'விக்ரம்' படத்தின் முதல் வலிமை அதன் காத்திருப்பு. தொடக்கப் பாடலுக்குப் பின், கர்ணன் என்ற பெயரில் வாழ்ந்த முதியவர் முகமூடிக் கும்பலால் கொல்லப்பட்டதாகக் காட்டப்படுகிறார். அக்கொலைகளைத் துப்பறிய வரும் அமர் (பகத் பாசில்) ஒவ்வொருவராக விசாரிக்க, கர்ணனைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான சித்திரங்கள் கிடைக்கின்றன: குடிகாரர், ஒழுக்கங்கெட்டவர், பேரக்குழந்தையின் மேல் உயிரையே வைத்திருந்தவர். படத்தின் ஏறத்தாழ முற்பாதி முழுவதும் நாயகன் பிறர் வாய்மொழியாக மட்டுமே வாழ்கிறான். இடைவேளையில்தான் முகமூடி கழல்கிறது. வள்ளி திருமணத்தில் வேலன் இரவு நெடுநேரம் கடந்த பின்னரே மேடையேறுவதையும், அதுவரை நாரதர் அவனுடைய புகழை வள்ளியின் செவியில் ஏற்றிக்கொண்டிருப்பதையும் அறிந்தவர்க்கு இவ்வமைப்பு அயலாகத் தோன்றாது. நட்சத்திர நடிகரைத் தொடக்கத்திலேயே வெடியோசையுடன் இறக்கும் வழக்கத்திற்கு இது துணிவான மாற்று.

இரண்டாவது வலிமை, பார்வையாளர் நினைவைப் படம் பயன்படுத்தும் விதம். 'கைதி'யில் 'மறுபடியும்' (1993) படப்பாடலையும் 'விக்ரம்' படத்தில் 'அசுரன்' (1995) படப்பாடலையும் இயக்குநர் வன்முறைக் கதைக்குள் ஒலிக்க விடுகிறார். தொண்ணூறுகளில் பேருந்துகளிலும் தேநீர்க் கடைகளிலும் கேட்ட பாட்டு திடீரெனத் திரையில் ஒலிக்கும்போது அரங்கம் ஒன்றாகிறது. எல்லார்க்கும் மனப்பாடமான பனுவல் ஸ்பெஷல் நாடகத்தில் செய்யும் வேலையை இங்குப் பழைய திரைப்பாடல் செய்கிறது. அனிருத்தின் பின்னணி இசைக்கும் இவ்வகையில் பங்குண்டு. விக்ரமுக்கு ஓர் இசை, ரோலக்ஸுக்கு வேறோர் இசை என, வருபவர் யாரென்பதை முகம் தெரியுமுன்னரே அது அறிவித்துவிடுகிறது. ஆர்மோனியக்காரரின் இடத்தில் அவர் இருக்கிறார்.

படத்தின் சிறந்த சந்திப்பு எதுவெனில், புகழ்பெற்ற இருவருக்கிடையே நிகழ்வது அன்று. வீட்டுப் பணிப்பெண்ணாக மட்டுமே அதுவரை காட்டப்பட்டவர், வீடு முற்றுகையிடப்பட்ட தருணத்தில் பழைய உளவுப் படையின் ஏஜென்ட் டீனாவாக வெளிப்பட்டு, கையில் கிடைத்ததைக் கொண்டு அடியாட்களை எதிர்த்து இறக்கிறார். திரைப்பட நடனக் குழுக்களில் பல்லாண்டு பணியாற்றிய வசந்தி அவ்வேடம் ஏற்றிருந்தார். அவருக்கென்று எந்த முன்படமும் இல்லை, தனிப்புகழும் இல்லை. அவ்வாறிருந்தும் அக்காட்சியே படத்தில் மிகுதியாகப் பேசப்பட்டது. மேலே வகுத்த முதல் இயல்புக்கு இது முரணாகத் தோன்றலாம். கூர்ந்து நோக்கினால், அடுக்களையில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்வையாளர் பொருட்படுத்தாமல் விட்டதே அவளுடைய முன்வரலாறாகிறது. தோற்பவர் பார்வையாளரே. தாம் கவனிக்கத் தவறியதை அவர்கள் அந்தக் கணத்தில் உணர்கின்றனர்.

பேரக்குழந்தையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பேரொலியைத் தாங்க இயலாத உடல்நிலை அக்குழந்தைக்கு. துப்பாக்கியே மொழியாகக் கொண்ட நாயகனுக்கு ஓசையே பகையாக அமைவது நல்ல கற்பனை. மீநாயகர் எவர்க்கும் ஒரு வலுவிழப்பு தேவை. அதனை விண்கல்லில் தேடாமல் தொட்டிலில் வைத்தது தமிழ்க் குடும்பக் கதைமரபுக்கு இயைந்தது.

விக்ரம்: குறைகள்

இத்துணை வலிமையோடு தொடங்கிய படம், சந்திப்பு நிகழ வேண்டிய இடங்களிலெல்லாம் பேச்சை விட்டுவிட்டுச் சுடுகிறது. விக்ரமும் அமரும் எதிரெதிர் நிற்கும் தருணம் ஒரு பெரும் தர்க்கத்திற்குரியது. சட்டத்தின் பெயரால் முகமின்றிக் கொலைபுரியும் இளையவன், அதே சட்டத்தால் கைவிடப்பட்டு முகமூடிக்குள் மறைந்த மூத்தவனைச் சந்திக்கிறான். அரசு நாளை இவனையும் அவ்வாறே கைவிடும் என்பது இருவர்க்கும் தெரியும். அவ்வினா தொடுக்கப்படுகிறது, ஆயினும் எதிர்வினா இல்லை. அமர் மிக எளிதில் இணங்கிவிடுகிறான். நாரதர் முதற்பாட்டைப் பாடியவுடனே வள்ளி மாலையை எடுத்துவிட்டது போன்றது இது. இறுதியில் அமரும் முகமூடி அணிகையில், அந்த மாற்றம் வாதத்தில் தோற்றதன் விளைவாக அன்றி, மனைவி கொலையுண்டதன் விளைவாகவே அமைகிறது.

அந்தக் கொலையும் தனியே ஆராயத்தக்கது. அமரின் மனைவி காயத்ரி, கணவன் எத்தொழில் புரிகிறான் என்றறியாத பெண்ணாக வந்து, சந்தனத்தின் (விஜய் சேதுபதி) கையால் இறக்கிறாள். 1986ஆம் ஆண்டு 'விக்ரம்' படத்திலும் நாயகனின் மனைவி கொல்லப்படுவதே கதையை உந்தியது. இடைப்பட்ட முப்பத்தாறு ஆண்டுகளில் ஆயுதங்கள் மாறின, ஒளிப்பதிவு மாறியது, படத்தின் வணிகமே மாறியது. நாயகனைச் சினங்கொள்ளச் செய்ய ஒரு பெண்ணுடல் வேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. வள்ளி திருமணத்தில் ஸ்திரீபார்ட் இல்லாமல் தர்க்கமே இல்லை; நாடகத்தின் பெரும்பகுதியைத் தாங்குபவள் அவளே. டீனாவைப் படைத்த அதே படம் காயத்ரியை இவ்வாறு செலவிட்டது, கவனக்குறைவாகவன்றிப் பழக்கத்தின் வலிமையாகவே தோன்றுகிறது.

'கைதி'யிலிருந்து வந்த பிஜோய்க்கு (நரேன்) நேர்ந்தது வேறு வகை இழப்பு. முன்படத்தில் அடிபட்ட கையோடு, லாரியில் ஏற மறுக்கும் டில்லியிடம் மன்றாடியும் மிரட்டியும் மகளைக் காட்டி இணங்கவைத்தும் அவர் நிகழ்த்திய பேச்சுகளே அப்படத்தின் முதுகெலும்பு. டில்லி மறுக்கிறான், நிபந்தனை விதிக்கிறான், பசித்துப் பிரியாணி உண்டுகொண்டே பதில் சொல்கிறான். அதிகாரி படிப்படியாகத் தாழ்கிறார். கைதி படிப்படியாக உயர்கிறான். அதுவே தர்க்கம். 'விக்ரம்' படத்திலோ பிஜோய் துணைவருள் ஒருவராகச் சுருங்கிவிடுகிறார். ஆக, தனித்து நின்ற 'கைதி'யில் இருந்த சந்திப்பு, சந்திப்புக்கென்றே எடுக்கப்பட்ட 'விக்ரம்' படத்தில் இல்லை என்னும் விந்தையான முடிவுக்கே வர வேண்டியுள்ளது.

இறுதிக் காட்சியில் சில நிமிடங்களுக்கு ரோலக்ஸாகத் தோன்றும் சூர்யா அரங்குகளை அதிரச் செய்தார். டில்லியால் பாதிக்கப்பட்ட 'கைதி' கும்பலும் சந்தனத்தை இழந்த கும்பலும் அவன்முன் கூடுகின்றன. அக்கூட்டத்தினிடையே மறைந்து நின்று விக்ரம் அனைத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறான். நாயகனும் எதிர்நாயகனும் ஒரே இடத்தில் இருக்கின்றனர். ஒரு சொல் பரிமாறப்படவில்லை. காட்சியின் ஆற்றல் முழுதும் இனி வரப்போகும் படத்தின் கணக்கில் எழுதப்பட்ட கடன். டில்லியாக நடித்த கார்த்தியும் ரோலக்ஸாக நடித்த சூர்யாவும் நிஜவாழ்வில் உடன்பிறந்தோர் என்பது அவையோர் அறிந்தது. அவ்வறிவையும் படம் முன்பணமாகப் பெற்றுக்கொள்கிறது. 'உத்தமபுத்திரன்' உடன்பிறந்தார் பகையை அன்றே காட்டி அன்றே தீர்த்தது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

மூன்று மணி நேரத்தை நெருங்கும் இப்படத்தின் பிற்பாதியில் துப்பாக்கியோசை ஓயாதது பற்றி நீள எழுதத் தேவையில்லை. குழந்தையின் செவிக்கு அஞ்சிய படம் பார்வையாளரின் செவிக்கு அஞ்சவில்லை என்பது போதும்.

ஒப்பீட்டின் எல்லை

ஸ்பெஷல் நாடகத்தின் அளவுகோலைத் திரைப்படத்திற்குப் பொருத்துவது முறையா என்ற ஐயம் எழலாம். அங்குச் சந்திப்பவர்கள் நடிகர்கள், இங்குப் பாத்திரங்கள். அங்கு இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை நேரம் உண்டு. இங்கு ஒவ்வொரு நிமிடமும் பணம். அங்குத் தோற்ற நாரதர் மறுநாள் வேறோர் ஊரில் வெல்லலாம். கோடிக்கணக்கில் முதலிடப்பட்ட நட்சத்திரம் திரையில் ஒருமுறை தோற்றால் அது நிலையான பதிவாகிவிடும். இவை மெய்யான வேறுபாடுகளே. ஆனால் கடைசி வேறுபாடு குறையை விளக்குகிறதேயன்றி நீக்கவில்லை. கமல்ஹாசன், பகத் பாசில், விஜய் சேதுபதி, சூர்யா என நால்வர் கூடும் படத்தில் எவருடைய மதிப்பும் குறையக்கூடாது என்ற கவனம் எழுத்தைக் கட்டிப்போடுகிறது. எவரும் தோற்காததால் எவரும் வெல்வதுமில்லை. சந்தனம் மருந்தின் வலிமையால் சண்டையிடுகிறான், வெடிப்பால் வீழ்கிறான். பேச்சால் அவனை எவரும் வீழ்த்தவில்லை. பெருங்குடும்பத்தைச் சுமக்கும் குற்றவாளி என்ற அரிய பின்னணி அவனுக்கு இருந்தும், அதைக் கொண்டு அவன் விக்ரமை நோக்கி ஒரு வினாவும் எழுப்புவதில்லை. இரு குடும்பத் தலைவர்களின் தர்க்கம் அங்கே பேசப்படாமலே புதைந்தது.

இதே உலகில் அடுத்து வந்த 'லியோ' (2023) இச்சிக்கலை இன்னும் தெளிவாக்குகிறது. 'எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்' (2005) என்ற அமெரிக்கப் படத்திற்குக் கடன்பட்டதாக அறிவித்துக்கொண்டு தொடங்கும் அப்படம், தன் இறந்தகாலத்தை மறுக்கும் ஒரு மனிதனின் கதை. 'கைதி'யில் காவல் ஆணையர் அலுவலகத்தைச் சில மாணவர்களின் துணையோடு காத்த நெப்போலியன் (ஜார்ஜ் மரியான்) இங்கும் வருகிறார். இறுதியில் விக்ரமின் குரல் தொலைபேசியில் ஒலிக்கிறது. இவ்விரண்டையும் நீக்கிவிட்டாலும் கதைக்கு ஊறு நேராது. ஒருவர் மாற்றலாகி வந்துள்ளார், மற்றவர் அழைக்கிறார். சந்திப்பு இங்கு வெறும் வருகைப் பதிவேடாகிவிட்டது. ஆயினும், 'கைதி'யில் எளிய காவலராக இருந்த நெப்போலியன் இமாசலப் பிரதேசத்துப் பனியில் நிற்கக் கண்டபோது அரங்கம் எழுப்பிய மகிழ்ச்சியொலி பொய்யன்று. நினைவுக்குப் பசி இருக்கிறது. அப்பசிக்குத் தரப்படும் உணவே போதாதது.

புதுக்கோட்டை வட்டார நாடகங்களில் ஒப்பந்தமான கலைஞர் ஒருவர் வர இயலாமற்போனால் வேறொருவரை அழைத்து வேடம் கட்டுவிப்பர். வந்தவர் முன்பின் அறியாத வள்ளியோடு தர்க்கம் செய்வார், சிலவேளை தடுமாறுவார், ஆர்மோனியம் அவரைத் தாங்கும். எப்படியாயினும் கிழக்கு வெளுக்குமுன் வேலனுக்கும் வள்ளிக்கும் மணம் முடித்து, மங்களம் பாடி, பாய்களைச் சுருட்டிக்கொண்டு மக்கள் வீடு திரும்புவர். டில்லியும் ரோலக்ஸும் நேர்நிற்கும் காட்சிக்கு 'விக்ரம்' படத்தின் பார்வையாளர் 2022 ஜூன் மாதத்திலேயே கட்டணம் செலுத்திவிட்டனர்.